வீட்டிலிருந்தே ஒரு சிறுதொழில்: புதிதாகக் குடியேறியோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: திருமணத்தின் பின் நிரந்தர வதிவிட உரிமையுடன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கைக்குழந்தை இருப்பதால் வெளியே வேலைக்குப் போக இயலவில்லை. முறுக்கு, பயற்றம் பணியாரம், மிளகாய்த்தூள், ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஆகியவற்றைச் செய்து விற்க விரும்புகிறேன். வீட்டில் செய்வதற்கு எவரிடமும் கேட்கத் தேவையில்லை என்று உறவினர்களும், பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டிவரும் என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: சகோதரி, வீட்டுச் சமையலறையில் உணவு தயாரித்து விற்பதை ஒன்ராறியோ மாகாணம் தடைசெய்யவில்லை. ஆனால் விற்பனைக்காக உணவு தயாராகும் இடம் வீடாகவே இருந்தாலும், அதைப் பற்றி உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பரிசோதகர் வந்து பார்க்கவும் இடமளிக்க வேண்டும். ஆகவே கேட்கத் தேவையில்லை என்ற உறவினரின் பேச்சை நம்பி இறங்காதீர்கள். அக்காவின் பேச்சுக்கு அஞ்சி எண்ணத்தைக் கைவிடவும் வேண்டாம். உங்களுக்கு ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவே பொறுப்பு.

நீங்கள் சொன்ன நான்கு பண்டங்களையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. குளிரூட்டாமலும் சூடாக வைத்திருக்காமலும் கெடாதிருக்கும் பாண், பிஸ்கட், ஜாம், ஊறுகாய், மிட்டாய் போன்றவை ஆபத்துக் குறைந்த உணவுகள் எனப்படுகின்றன. இத்தகையவற்றை மட்டும் வீட்டில் செய்வோருக்கு 2020 ஜனவரி முதல் மாகாண அரசு சில விலக்குகளை அளித்துள்ளது. கைகழுவுவதற்கென்று தனித் தொட்டி, வணிக முறையிலான பாத்திரம் கழுவும் வசதி, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கட்டாயமில்லை. உங்கள் முறுக்கும் நன்கு வறுத்து அரைத்த மிளகாய்த்தூளும் ஈரப்பதம் மிகக் குறைந்தவை என்பதால் இந்த வகைக்குள் வரக்கூடியவை. பயற்றம் பணியாரத்தில் தேங்காய்ப்பூவும் பாகும் சேர்வதால், செய்முறையை எழுதிக் கொடுத்துப் பரிசோதகரின் கருத்தை அறிந்துகொள்வதே பாதுகாப்பானது. எண்ணெயில் ஊறும் உள்ளி ஊறுகாய் செய்யும் எண்ணம் பின்னர் வந்தால் அதற்கும் இதுவே பொருந்தும். எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் இருக்கும் உள்ளியில் மிகக் கொடிய நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

ரோல்ஸ் முற்றிலும் வேறு. இறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும் சேர்ந்த பண்டம் வெப்பநிலைக் கட்டுப்பாடு தவறினால் சில மணி நேரத்திலேயே நோய் தரும். அதற்கு மேற்சொன்ன விலக்குகள் எவையும் இல்லை. வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ்த் தளத்தில் தனித் தொட்டிகளைப் பொருத்துவது பெருஞ்செலவு. வீட்டு உரிமையாளரும் இசைய மாட்டார். ரோல்ஸ் செய்தே ஆகவேண்டுமெனில், பரிசோதனைக்கு உட்பட்ட வணிகச் சமையலறைகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. எனினும் கைக்குழந்தையோடு இருக்கும் உங்களுக்கு, முதல் ஆண்டில் உலர்ந்த பண்டங்களோடு நிற்பதே நல்லது என்பது என் கருத்து.

பொதிகளின் மேல் ஒட்டும் விபரத்தில் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் பிறருடைய உயிர் அதில் தங்கியிருக்கிறது. எள், கடுகு, கோதுமை, நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, சோயா முதலியவற்றைக் கனடா முதன்மையான ஒவ்வாமைப் பொருட்களாக வகுத்திருக்கிறது. நம் சமையலில் எள்ளும் கடுகும் எங்கும் கலந்திருப்பதால், அவற்றை எவரும் தனியாக நினைத்துப் பார்ப்பதில்லை. முறுக்கில் எள்ளும் அவித்த கோதுமை மாவும் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; அரிசி மா முறுக்கு என்று நம்பி வாங்கும் ஒருவருக்கு அதுவே கேடாகலாம். பண்டங்களை மாகாணத்துக்கு வெளியே, எடுத்துக்காட்டாக மொன்றியலில் உள்ள கடைக்கு அனுப்புவதாயின், 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். முதலில் ஒன்ராறியோவுக்குள்ளேயே விற்றுப் பாருங்கள்.

தொழில் தொடங்குமுன் வீட்டு உரிமையாளரிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எண்ணெய்ச் சட்டியால் தீப்பிடித்து, அங்கே தொழில் நடந்தது நிறுவனத்துக்குத் தெரியாதிருந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். ஊரில் அரச அலுவலகம் என்றாலே ஒதுங்கிப் பழகிய நமக்குப் பரிசோதகரை நாமே அழைப்பது தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அழையுங்கள். தொடங்குமுன் கேட்பவருக்கு அவர் வழிகாட்டியாகவே வருவார்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பெயரில் மட்டும் வழங்கப்பட்ட வேலை அனுமதியுடன் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். மாலை வேளைகளில் வீட்டிலிருந்தபடி கணினி பழுதுபார்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், மார்க்கம்

பதில்: கூடாது. உங்கள் அனுமதி அந்த ஒரு நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமே உரியது. ஊதியத்துக்காகச் செய்யும் சுயதொழிலும் குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் வேலையே. சிறு தொகைக்காக நிபந்தனையை மீறினால், பின்னர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே குறுக்கே நிற்கும். உங்கள் மனைவியிடம், எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத திறந்த வேலை அனுமதி இருந்தால் அவர் சுயதொழில் செய்யலாம். ஆனால் கனடாவில் வேலை செய்த அனுபவத்தைக் கொண்டு நிரந்தர வதிவிடம் கோரும் கனடிய அனுபவ வகுப்பின் கீழ் விண்ணப்பிப்பவர்களுக்குச் சுயதொழில் அனுபவம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் தையல் வேலை செய்கிறேன். தொழிலைப் பதிய வேண்டுமா? வரி எப்படி?
– வாசகி, பிரம்டன்

பதில்: வேறு சொல் எதுவும் சேர்க்காமல் உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் இணையவழி 60 டொலர் செலுத்திப் பதியலாம். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் மொத்த விற்பனை 30,000 டொலரைத் தாண்டாதவரை எச்.எஸ்.ரி. எனப்படும் 13 சதவீத விற்பனை வரிக்குப் பதிவது கட்டாயமில்லை. பதியாதவர் வாடிக்கையாளரிடம் அந்த 13 சதவீதத்தை வாங்கவும் கூடாது.

வருமான வரி இதிலிருந்து வேறானது. சிறு தொகை என்றாலும் காட்டியே ஆகவேண்டும். சுயதொழில் செய்வோர் படிவத்தைத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. செலுத்த வேண்டிய வரிக்கோ ஏப்ரல் 30 தான் கடைசி நாள். இந்த வேறுபாடு தெரியாமல் வட்டி கட்டுகிறவர்கள் பலர். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு வேலைகொள்வோர் செலுத்தும் பங்கையும் நீங்களே செலுத்த வேண்டும். செலவுகள் போக எஞ்சும் தேறிய வருமானத்தில் 3,500 டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு, ஆண்டு உச்சவரம்பு வரை, இரு பங்கும் சேர்ந்து 11.9 சதவீதம் ஆகிறது. கையில் வரும் பணத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் இதற்கென ஒதுக்கி வையுங்கள். குழந்தை உதவித்தொகை குடும்பத்தின் தேறிய வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால், இலாபம் கூடும்போது அது குறையவும் கூடும்.

துணி, நூல், தையல் இயந்திரத்தின் பழுதுபார்ப்பு ஆகியவற்றோடு, தொழிலுக்கென ஒதுக்கிய அறையின் அளவுக்கேற்ப வாடகையிலும் மின்கட்டணத்திலும் ஒரு பங்கைச் செலவாகக் காட்டலாம். ஆனால் அந்த வீட்டுச் செலவைக் கொண்டு நட்டக் கணக்குக் காட்ட இயலாது. பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் 6 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். மை விரைவில் மங்கிவிடும் கடைச்சீட்டுகளை அன்றன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.