இரண்டாம் சுற்றுத் தட்டும் ஒரு வாட்ஸ்அப் உரையாடலும்

கேள்வி: என் பிறந்தநாளன்று குடும்பத்தினர் எட்டுப் பேர் ஓர் உயர்தர உணவகத்துக்குச் சென்றோம். சிறு சிறு தட்டுகளாக வந்துகொண்டிருக்கும். எல்லோரும் பகிர்ந்து உண்ண வேண்டும். கொட்டை வகைகள் எனக்கு ஒவ்வாது என்று சர்வரிடம் முதலிலேயே சொன்னேன். அப்படியும் ஒரு தட்டில் அது கலந்திருந்ததால் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். மேலாளர் சிரித்துக்கொண்டே பேசினார். தட்டுகள் தாமதமாக வந்தன, அளவும் மிகக் குறைவு, கேட்காமலே சேவைக் கட்டணமும் சேர்த்திருந்தார்கள். மனம் பொறுக்காமல் வீடியோ வெளியிட்டேன். இப்போது அவதூறு நோட்டீஸ் வந்திருக்கிறது. பில் தொகையையும் மருத்துவச் செலவையும் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: மேலாளரின் சிரிப்பு, தட்டின் அளவு, தாமதம் ஆகிய மூன்றும் உங்களைப் புண்படுத்தியிருக்கலாம், வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை 4 வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதி செய்தது. எனவே அந்தத் தொகைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தனியாகப் புகார் கொடுங்கள். அதை இந்த விவகாரத்தோடு முடிச்சுப் போட்டால், உயிருக்கு ஆபத்து நேர்ந்த ஒருவரின் மனு, பில் பிடிக்காத வாடிக்கையாளரின் மனுவாகச் சுருங்கிவிடும்.

சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றுதான்: உங்களுக்கு ஒவ்வாமை ஏற்படுத்திய அந்தத் தட்டு ஆர்டர் செய்யப்பட்டபோது, உங்கள் ஒவ்வாமை உணவகத்துக்குத் தெரியுமா? முதலில் சொன்னீர்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், பேச்சுவாக்கில், இரண்டாம் சுற்றை உங்கள் மைத்துனர் வேறொரு சர்வரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீக்கம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இத்தகைய உணவகங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் சமையலறைக்குத் ஆர்டர் விவரத்தோடு தனித்தனி கே.ஓ.டி. (கிச்சன் ஆர்டர் டிக்கெட்) சீட்டு போகும். ‘கொட்டை வேண்டாம்’ என்ற குறிப்பு அந்தச் சீட்டில்தான் இருக்கும். உங்களிடம் உள்ள பில்லில் பெரும்பாலும் இருக்காது. முதல் சீட்டில் குறிப்பு இருந்து இரண்டாம் சீட்டில் இல்லாமல் போயிருந்தால், ‘இந்தத் தட்டைக் கேட்டவர் எதுவுமே சொல்லவில்லை, அது யாருக்கு என்றும் எங்களுக்குத் தெரியாது’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். தட்டைப் பகிர்ந்து உண்ணும் மேசையில் அந்த வாதம் எடுபடவும் கூடும். மெனுவில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்ற 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறையை நம்பவும் முடியாது. அது மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் இயங்கும் உணவகங்களுக்கானது. நீங்கள் போனது ஒரே இடத்தில் நடக்கும் உணவகம் என்றால், வாயால் சொன்னதே உங்கள் வழக்கின் அடித்தளம்.

அந்த அடித்தளத்துக்கு உங்களிடம் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி: ‘மேடம், ஃபர்ஸ்ட் ஆர்டர்லயே சொன்னீங்க, செகண்ட் ரவுண்ட்ல எங்க பசங்க கவனிக்காம விட்டுட்டாங்க, சாரி.’ இதைவிடத் தெளிவான ஒப்புதல் நுகர்வோர் வழக்குகளில் அபூர்வமாகவே கிடைக்கும். இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவு செய்வதால், இந்த ஒரு வரி உங்கள் உறவினர்கள் ஏழு பேரின் சாட்சியத்தைவிட எடை கூடியது.

சிக்கலும் அந்த உரையாடலிலேயே இருக்கிறது. மேலாளரின் அந்தச் செய்திக்குக் கீழே, இரண்டு செய்திகள் தள்ளி, நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ‘வெள்ளிக்கிழமைக்குள் 25 லட்சம் வரவில்லை என்றால் வீடியோ எல்லா இடத்திலும் வரும்.’ கோபத்தில் எழுதியது என்பது எனக்குப் புரிகிறது; காவல் நிலையத்தில் அதை அப்படிப் படிக்க மாட்டார்கள். குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தீங்கு என்ற சொல் நற்பெயருக்கு நேரும் கேட்டையும் உள்ளடக்கும். பணம் கைக்கு வராவிட்டாலும், பணம் பறிப்பதற்காக ஒருவரை அச்சுறுத்தினாலோ அச்சுறுத்த முயன்றாலோ பிரிவு 308(3)-இன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. வந்த நோட்டீஸ் அவதூறைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ‘ஏனைய குற்றவியல் நடவடிக்கைகளுக்கான உரிமையை எம் கட்சிக்காரர் தக்கவைத்துக்கொள்கிறார்’ என்ற அதன் கடைசிப் பத்தி வெறும் சம்பிரதாயம் அன்று. அவர்களின் வழக்கறிஞர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார்.

மேலாளரின் செய்தியை மட்டும் வெட்டியெடுத்துத் தாக்கல் செய்யலாமே என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். என்னிடம் வந்தவர்களில் பலருக்கும் தோன்றியிருக்கிறது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி மின்னணுப் பதிவுக்குத் தேவையான 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் தாக்கல் செய்தால், எதிர்த்தரப்பு முழு உரையாடலையும் தாக்கல் செய்யும். அன்று முதல் ஆணையத்தின் முன் நீங்கள் பாதிக்கப்பட்டவராக மட்டும் நிற்க மாட்டீர்கள். செய்தியை அழிப்பது அதைவிட மோசம், ஏனெனில் அவர்களின் கைபேசியில் அது இருக்கும், நீங்கள் அழித்தீர்கள் என்பதும் கூடவே தெரியவரும்.

வீடியோவைப் பொறுத்தவரை, அங்கே உண்டேன், நோயுற்றேன், முன்பே சொல்லியிருந்தேன் என்பவை நிரூபிக்கத்தக்கவை. ‘தெரிந்தே விஷம் வைத்தார்கள்’ என்று நான்காவது நிமிடத்தில் சொல்வதை எந்தச் சான்றாலும் நிரூபிக்க முடியாது. அவதூறு வழக்கில் உண்மை என்ற பாதுகாப்பு அந்த வாக்கியத்துக்குக் கிடைக்காது. பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு வீடியோவைப் பொதுப்பார்வையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

ஆகவே, சமரசம் செய்துகொள்ளுங்கள். இரண்டு நாள் சிகிச்சைக்குப் பின் முழுமையாகக் குணமடைந்த ஒருவருக்கு 25 லட்சம் கிடைப்பது மிகக் கடினம். உங்கள் மருத்துவமனைக் குறிப்பிலும் ‘வெளியில் உண்ட பின்’ என்று இருக்கிறதே தவிர, எதை உண்டீர்கள் என்று இல்லை. அவர்கள் தர முன்வந்துள்ள தொகையோடு, வேலையிழப்புக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகையைக் கேளுங்கள்; ஆணையத்தில் வென்றாலும் அதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க இயலாது என்பதே என் கணிப்பு.

ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் உங்கள் உரிமைகளை மட்டும் முடித்துவைத்து, அவர்களுடையதைத் திறந்தே விட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பணத்தை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த கட்சிக்காரர் ஒருவர் எனக்கு உண்டு. அவதூறு நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது, அந்த வாட்ஸ்அப் உரையாடலை முன்வைத்து எந்தக் குற்றவியல் புகாரும் கொடுக்கப்படவில்லை, இனியும் கொடுக்கப்படாது என்ற இரண்டு வாக்கியங்களும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தொகை வங்கி வழியாகவே வர வேண்டும். வீடியோவை நீக்கச் சம்மதிக்கலாம். ‘பொய் சொன்னேன்’ என்று எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கக் கூடாது.

நோட்டீஸுக்குப் பதிலளிக்கக் கொடுத்த பதினைந்து நாளில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பதிலை ஒரு வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். சமரசப் பேச்சு உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி நடப்பதாக அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். அதுவரை மேலாளரின் எண்ணுக்கு நன்றி என்றுகூட ஒரு செய்தி அனுப்ப வேண்டாம்.