கடையில் கிடைக்காத பூச்செடி, விதை, கிழங்கு எல்லாம் திருநெல்வேலிப் பக்கம் எங்கே கிடைக்கும்?

மனோரஞ்சிதம், செங்காந்தள் மாதிரி நர்சரியில் பார்க்க முடியாத செடிகளை எங்கே தேடுவது, ஆன்லைனில் நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பல வருடமாக இதற்கென்றே அலைந்தவன் நான். என் பதில்: முதலில் வீடுகளில் தேடுங்கள். அதுவும் பூக்கிற நேரத்தில் தேடுங்கள்.

மனோரஞ்சிதத்துக்காக முதலில் ஆன்லைனில்தான் பணம் கட்டினேன். வந்த செடி நன்றாகவே வளர்ந்தது. ஒன்றரை வருடம் கழித்துப் பூத்தபோது இதழ்கள் நீளமாக, முறுக்கிக்கொண்டு தொங்கின. அது குள்ள இலாங் இலாங் என்ற வேறொரு செடி. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுமே மணக்கும், அதனால் பெயர் மாறிவிடுகிறது. நிஜ மனோரஞ்சிதத்தில் பூக்காம்பு கொக்கி மாதிரி வளைந்து கெட்டியாக இருக்கும். அந்தக் கொக்கியைப் போட்டுத்தான் கொடி ஏறும். பூ முதலில் இலை நிறத்தில் ஒளிந்திருந்து, மஞ்சளாகும்போது பழ வாசனை தூக்கும். ஆன்லைனில் வாங்குவதானால் கொக்கி தெரிகிற படம் கேளுங்கள். ஆர்டபோட்ரிஸ் ஹெக்ஸாபெட்டலஸ் என்ற தாவரப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு சாயங்காலம், தெருவில் நடக்கும்போது அந்த வாசனை வந்தது. வாசனை வந்த வீட்டு நடையில் போய் நின்று கேட்டேன். ஒரு கொப்பு வெட்டித் தரச் சொன்னேன். "வெட்டிக்கிட்டுப் போனா பட்டுப்போகும்யா. பதியன் போட்டுத் தாரேன், தை பொறந்ததும் வாங்க" என்றார் அந்த வீட்டு ஆச்சி. தாழக் கிடந்த ஒரு கொப்பின் அடித்தோலை நகத்தால் லேசாகச் சுரண்டி, தொட்டி மண்ணுக்குள் வளைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். அப்போது ஐப்பசி. மழைக்காலம் முடிவதற்குள் வேர் பிடித்துவிட்டது. விதை போட்டால் முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், பதியன்தான் சரி.

செங்காந்தளுக்குக் காலம் முக்கியம். கார்த்திகைப்பூ என்று பெயரே இருக்கிறது. அந்த மாதம் வேலியோரங்களில் பூத்திருப்பதைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடி காய்ந்த பிறகு தோட்டக்காரரிடம் கேட்டுக் கிழங்கு எடுக்கலாம். கிழங்கு ஏர்க் கலப்பை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்று சொல்வது அதனால்தான். முளைக்கும் கண் அந்தக் கையின் நுனியில்தான் இருக்கிறது. நுனி ஒடிந்த துண்டை எத்தனை நாள் வைத்துக் காத்தாலும் முளைக்காது. வாங்கும்போது இதை மட்டும் பாருங்கள், அளவு பெரிதா சிறிதா என்பது அப்புறம். மொத்தமாக வேண்டுமென்றால் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கொல்சிசின் என்ற கடும் விஷம் செடி முழுக்க உண்டு. குழந்தையோ ஆடோ இருக்கிற வீட்டில் தயவுசெய்து யோசித்து வையுங்கள்.

மூலிகைச் செடிகளுக்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்குப் பெரிய வரம். 1964-இல் தொடங்கியது. செடி கிடைக்கிறதோ இல்லையோ, கையில் இருக்கும் இலை என்ன என்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். பூனைக்காலி, குன்றிமணி மாதிரி விதைகளை நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கி ஊறவைத்து முளைக்கப் போட்டுப் பார்க்கலாம். மருந்துக்காக வேகவைத்ததோ வறுத்ததோ இல்லை என்று கேட்டு வாங்குங்கள். காய்கறி விதைக்கு ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கிராமத்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்தால் போதும்.

காட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது மரத்திலிருந்து ஆர்க்கிட் பிய்த்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோயில் இருக்கிற களக்காடு முண்டந்துறைக் காடு 1988-இலிருந்து புலிகள் காப்பகம். செடி பிடுங்குவது குற்றம். அந்த ஈரமும் நிழலும் இல்லாமல் நம் வெயிலில் அது ஒரு கோடையைத் தாண்டுவதும் கஷ்டம். அந்தச் செடியை நினைத்தால் மனசு வலிக்கிறது.

இந்த ஐப்பசியில் நானும் மூன்று பதியன் போட்டிருக்கிறேன். ஒன்று ஆச்சியின் பேத்திக்கு, புதுவீட்டில் வைக்கக் கேட்டிருக்கிறாள். மீதி இரண்டும் தையில் தயாராகும். உங்களுக்கு ஒன்று வேண்டுமானால் சொல்லுங்கள்.