ஏழு வயது மகனின் குறட்டையும் இணையத்தில் விற்கும் வாய்க்கருவியும்

வணக்கம் சகோதரி. ஹட்டனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்: ஏழு வயது மகன் குறட்டை விடுகிறான், இடையிடையே மூச்சு நின்று திணறி எழுகிறான், இணையத்தில் விற்கும் வாய்க்கருவியை வாங்கலாமா என்று. தயவுசெய்து வாங்காதீர்கள். அது கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும், வளர்ந்தவர்களுக்கான கருவி. பாற்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும் வாயில் பொருந்தாது, பற்களை இடம்பெயர்க்கவும் கூடும்.

பிள்ளைகளுக்கு இந்த மூச்சுத்தடை பெரும்பாலும் பெருத்த டான்சிலாலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையாலும் வருவதால், முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். மலைக்குளிரில் வந்த தடிமன் என்று நாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அவன் தூங்கும்போது கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து கொண்டுபோனால் வைத்தியருக்கு உதவும். ஆனால் நோயை உறுதிப்படுத்துவது இரவுநேரத் தூக்கப் பரிசோதனையே.

பிள்ளைகளுக்கென்றும் வாய்க்கருவிகள் உண்டு. மேலண்ணம் ஒடுங்கியிருந்தால், அதன் நடுவில் இரு எலும்புகள் சேரும் பொருத்து இறுகுமுன் திருகாணியால் சிறிது சிறிதாக விரிக்கும் கருவியும், கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் அதை முன்கொண்டுவரும் கருவியும், பல்சீரமைப்பு நிபுணர் அளவெடுத்துச் செய்து, வளர்ச்சிக்கேற்பக் கண்காணிக்க வேண்டியவை. அதற்குப் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். மூச்சு நிற்கும்போது உதடு நீலம்பாரித்தால், விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.