புது கிளட்ச் போட்டும் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, என் ஐந்து டன் லாரிக்கு கிளட்ச் செட் மொத்தமும் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து முதல் கியரும் ரிவர்ஸும் லேசில் விழுவதில்லை. ஜூரு டோல் நெரிசலில் மாட்டினால் இன்னும் மோசம். கியர்பாக்ஸைத் திரும்ப இறக்க வேண்டும் என்கிறார் ஃபோர்மேன். சம்மதிக்கலாமா?”

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கியர் பல்லுக்குப் பல் முட்டி நிற்கலாம், அது குறையில்லை. அணைத்த நிலையில் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது மிதித்த பிறகும் எஞ்சின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது என்று அர்த்தம். அணைத்தாலும் இறுக்கம்தான் என்றால் கியர் கேபிளைப் பாருங்கள். இறக்குவதற்காகக் கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்டும்போது அளவு தவறிப்போவது உண்டு.

நீங்கள் சொல்வது கிளட்ச் விடாத கதை மாதிரிதான் தெரிகிறது. உறுதி செய்ய ஒரு சோதனை: சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். கிளட்சை அடிவரை மிதித்துப் பத்து விநாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸுக்குத் தள்ளுங்கள். ‘கர்ர்’ என்று பல் உரசினால், மிதித்த பிறகும் உள்ளே கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் பெடலை மூன்று நான்கு முறை விட்டு விட்டு மிதித்துவிட்டு அதையே செய்யுங்கள். இப்போது விழுந்தால், பெடல் அழுத்தத்தைக் கீழே கொண்டுபோகும் கிளட்ச் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, அல்லது கிளட்ச் பம்ப் சீல் போயிருக்கிறது.

பலரும் யோசிக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. பழைய கிளட்ச் பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள், மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். இடைவெளி குறைவதால், பேரிங்கை நகர்த்தும் கீழ் பம்பின் தள்ளுகம்பியை அவ்வப்போது சுருக்கிச் சுருக்கி அட்ஜஸ்ட் செய்திருப்பார்கள். புது பிளேட் தடிமனானது. விரல்கள் எஞ்சின் ஃப்ளைவீல் பக்கம் உள்ளே போய்விடும். கம்பியோ பழைய அளவிலேயே நிற்கும். நீங்கள் மிதிப்பதில் பாதி அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிவிடும். பிறை பக்கம் ஒரு பட்டறையில் இதே கோளாறுக்காக கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கி ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் தீர்வு, கம்பியின் லாக் நட்டைத் தளர்த்திச் சில சுற்று நீட்டியதுதான். இரண்டு நாள் ஓட்டமும் கூலியும் போனது அந்த டிரைவருக்குத்தான், எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. அளவு வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள ஃப்ரீ பிளே (சும்மா நகரும் இடைவெளி) அளவைத்தான் வைக்க வேண்டும். அதிகமாக நீட்டினால் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டு, பிளேட் வழுக்கத் தொடங்கும்.

தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் கீழ் பம்ப் உள்ள வண்டியில் கம்பிப் பிரச்சினை இல்லை. ஆனால் அங்கே பிஸ்டன் இடம் மாறும். பல வருஷம் உள்பக்கமே ஓடிய பிஸ்டன், புது பிளேட் வந்ததும் துருவும் தூசியும் சேர்ந்த வெளிப்பகுதிக்கு வந்து ஓடும், சீல் கிழியும். ரப்பர் உறையை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். உள்ளே கறுப்பாக ஈரம் கசிந்திருந்தால் பம்ப் போய்விட்டது. லைனில் உள்ள காற்றை எடுக்கும்போது, தெளிவான பிளாஸ்டிக் குழாயின் நுனியைக் கிளட்ச் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, குமிழி நிற்கும்வரை எடுக்கச் சொல்லுங்கள். வண்டியின் கிளட்ச் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் எதுவும் அதில் போகக் கூடாது, சீல் ஊதிவிடும்.

பெடல் இறுக்கமாக இருந்தால் மிதிக்க உதவும் காற்று பூஸ்டரையும் காற்று டேங்கில் உள்ள பிரஷரையும் பாருங்கள்.

இத்தனையும் சரி, கீழே கம்பி கையேடு சொல்லும் தூரம் முழுக்கத் தள்ளுகிறது, அப்போதும் பல் உரசுகிறது என்றால் இறக்கத்தான் வேண்டும். அப்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பிளேட் பக்கம் மாறி மாட்டப்பட்டதா, ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கிறதா, ஷாஃப்டின் பல்வரிசையான ஸ்ப்லைனில் பிளேட் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக பிளேட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கால் தாங்காமல் ஒரு நொடி ஷாஃப்டில் தொங்கவிட்டாலே போதும், அந்த எடையில் பிளேட் நடுவில் வளைந்துவிடும். அப்படி வளைந்ததை நிமிர்த்திப் போடக் கூடாது, புதிதுதான் வேண்டும்.

சரியாகும் வரை கியரை இடித்துத் தள்ளாதீர்கள். கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ ரிங் தேய்ந்தால் அப்புறம் உண்மையிலேயே கியர்பாக்ஸ் வேலைதான். எஞ்சினை அணைத்து, முதல் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கிளட்ச் விடாத லாரி அந்த நொடியே முன்னால் பாயும். ஜூருவில் உங்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிற்கும் தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள்.