32 பேர் சேர்ந்த கடைக்கு எந்த பேமெண்ட் மெஷின்?

கேள்வி: கானாடுகாத்தானில் 32 பெண்கள் சேர்ந்து ஒரு கடை நடத்துகிறோம். பனையோலைக் கொட்டான், கண்டாங்கிச் சேலை, மனகோலம், சீப்புச்சீடைப் பலகாரங்கள் என்று ஆளுக்கொரு சரக்கு. ஸ்கேன் செய்யும் பணமெல்லாம் தலைவியின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. சாயங்காலம் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது தினமும் மனஸ்தாபம். நெட் போனால் அன்றைக்கு வியாபாரமே தடுமாறுகிறது. இப்போது ஒரு நிறுவனத்தார் 'பரவலாக்கப்பட்ட பிளாக்செயின் டெர்மினல்' என்று நான்கு மெஷினைக் காட்டுகிறார்கள். நெட் இல்லாமலும் ஓடுமாம், உறுப்பினர் பங்கை அவர்களுடைய டோக்கனில் தருவார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா? – குழுவின் பொருளாளர்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள், அம்மா. தேதி நெருங்குவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வாங்குபவரிடமிருந்து பணம் உங்களுக்கு வந்து சேர்வது ஒன்று. வந்த பணத்தில் யாருடைய சரக்குக்கு எவ்வளவு என்று எழுதுவது இன்னொன்று. முதல் வேலைக்கு நாட்டில் ஏற்கெனவே நல்ல வழி இருக்கிறது. 2016-ல் வந்த யுபிஐ-க்கு, 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. வாலட்டிலிருந்தோ கிரெடிட் கார்டு இணைத்தோ பெரிய தொகை வந்தால் மட்டும் கட்டணம் உண்டு. உங்கள் மனஸ்தாபம் எல்லாம் இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. அவர்கள் விற்க வந்திருப்பது முதல் வேலைக்கான மெஷின்.

டோக்கன் என்பது ரூபாய் அல்ல, அந்த நிறுவனமே வெளியிடும் கூப்பன் போன்றது. அந்த விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். ஒரு கடை தன் சரக்கை மட்டுமே வாங்குவதற்காக, திருப்பிக் காசாக மாற்ற முடியாதபடி ஒரு கூப்பன் கொடுத்தால், அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அதே கூப்பனைத் தெருமுனை மளிகைக்கடையும் வாங்கிக்கொள்கிறது என்றாலோ, காசாக்கலாம் என்றாலோ நிலைமை மாறிவிடும். 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். அவர்கள் சொல்வது கிரிப்டோ வகை டோக்கன் என்றால் வருமான வரியும் சேர்ந்துகொள்ளும்: 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவீதம், அதே ஆண்டு ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதப் பிடித்தம். கொட்டான் பின்னிய கூலியை அப்படி ஒன்றில் வாங்கி, விலை இறங்குமோ என்று ஒரு பெண் காத்திருக்கக் கூடாது. அவள் பங்கு ரூபாயாக, அவள் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்.

'நெட் இல்லாமல் ஓடும்' என்ற பேச்சையும் அளந்து பாருங்கள். நெட் இல்லாத பணப்பரிமாற்றத்தை ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் அனுமதித்தபோது ஒரு தடவைக்கு 200 ரூபாய்தான் உச்சவரம்பு. பிறகு அதை உயர்த்தினாலும் அது சில்லறைத் தொகைக்கான ஏற்பாடுதான், கண்டாங்கிச் சேலைக்கு உதவாது. ஒட்டி வைத்த கியூஆர் அட்டைக்கு நெட் தேவைப்படுவது வாங்குபவரின் போனில். உங்கள் பக்கம் வேண்டியது 'பணம் வந்தது' என்ற உறுதி மட்டும். சவுண்ட் பாக்ஸ் தன் சொந்த சிம்மில் ஓடுவதால், கடை வைஃபை விழுந்தாலும் அது குரல் கொடுக்கும். அந்தப் பெட்டியில் எந்த கம்பெனி சிம் இருக்கிறது, அதற்கு உங்கள் தெருவில் சிக்னல் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. தலைவியின் சொந்தக் கணக்கை உடனே விடுவியுங்கள். குழுவின் பெயரில், இருவர் கையெழுத்தில் ஒரு வங்கிக் கணக்கு, அதற்கு ஒரு வணிகர் கியூஆர். தலைவி நேர்மையானவராக இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். 32 பேர் பணம் ஒருவர் கணக்கில் புரளும்போது வருமான வரிக் கேள்வியும், வீண் பழியும் அவர் தலையில்தான் விழும். பல வணிகர் ஆப்களில் கடையில் நிற்பவர்களின் எண்ணையும் சேர்க்கலாம். பணம் வந்த செய்தி நாலு போனுக்குப் போகட்டும்.

அடுத்தது பேரேடு. செட்டிநாட்டுக்காரர்களான உங்களுக்கு நான் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவில் கடை வைத்திருந்த நகரத்தார் முதலாளிகள் பலர் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்ட் அங்கே குறிப்பும் (அன்றாட வரவு செலவு) பேரேடும் எழுதி, கணக்கின் நகலை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே கணக்கு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தது. ஒருவர் மட்டும் தனியாகத் திருத்த முடியாது. இன்றைக்குப் 'பரவலாக்கம்' என்று விற்கப்படுவதன் உயிர்நாடி இதுதான். இதற்கு நான்கு மெஷின் வேண்டாம், பழைய லேப்டாப் மூன்று போதும்.

ஒன்று கடையில், ஒன்று உங்கள் வீட்டில், மூன்றாவது இன்னொரு உறுப்பினர் வீட்டில். கடையில் எழுதும் கணக்கின் நகல் தினமும் மற்ற இரண்டிலும் இருக்க வேண்டும். லேப்டாப் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பேட்டரி உள்ளேயே இருப்பதால் கரண்ட் போனாலும் கணக்கு பாதியில் அறுபடாது. பேட்டரி நன்றாக நிற்கிறதா என்று பார்த்து வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு) போட்டுக்கொள்ளுங்கள். 15 வாட் இழுக்கும் என்று வைத்தாலும், இரவும் பகலும் ஓடினால் ஒரு லேப்டாப்புக்கு மாதம் சுமார் 11 யூனிட்தான்.

கடை லேப்டாப்தான் சர்வர், அதாவது எல்லோரும் எழுதும் கணக்கு இருக்கும் இடம். பில் போடுபவர் தன் போனில் கடை வைஃபை வழியாக அதில் எழுதுவார். இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை, கடைக்குள் ரவுட்டர் ஓடினால் போதும். கடை பழைய வீட்டில் இருக்கிறதென்றால் ரவுட்டரை முகப்பு அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். அந்தக் கனத்த சுவர்கள் சிக்னலை விழுங்கிவிடும். திறந்த வளவு (உள்முற்றம்) பக்கம், மழை படாத தூணோரம் வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட விடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். வருகிறவர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. கணக்கு இருக்கும் வலையில் வெளியார் நுழையக் கூடாது.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண் கொடுங்கள், அது சரக்கின் சீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பில்லில் 7-ஆம் எண்ணின் கொட்டானும் 19-ஆம் எண்ணின் மனகோலமும் இருந்தால், பில் போடும் நொடியிலேயே தொகை இரண்டு பெயரிலும் வரவாகிவிடும். சாயங்காலம் பிரிக்க ஒன்றும் இருக்காது.

இன்னொரு நல்ல விஷயம். யுபிஐ கியூஆருக்குள் இருப்பது வெறும் எழுத்துதான்: பணம் பெறுபவரின் யுபிஐ முகவரி, பெயர், விரும்பினால் தொகை, ஒரு குறிப்பு. ஆகவே பில் தொகையும் பில் எண்ணும் பதிந்த கியூஆரை உங்கள் லேப்டாப்பே ஒவ்வொரு பில்லுக்கும் உருவாக்கித் திரையில் காட்டலாம். வாடிக்கையாளர் 1,450-ஐ 145 என்று தட்டும் தவறு நின்றுவிடும். முதலில் ஒரு ரூபாய்க்கு உருவாக்கி, இரண்டு மூன்று ஆப்களில் ஸ்கேன் செய்து பாருங்கள். பணம் வந்ததா என்பதை லேப்டாப் தானாக அறியாது. அதற்குச் சவுண்ட் பாக்ஸ், பிறகு இரவில் வங்கி ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு யுபிஐ வரவுக்கும் உள்ள 12 இலக்க எண்ணை பில்லோடு பொருத்திவிட்டால் கணக்கு முடிந்தது.

இப்போது, யாரும் பின்னால் போய்த் திருத்தாமல் பார்த்துக்கொள்ளும் வழி. அன்றைய கணக்கை மூடியதும் அந்தக் கோப்புக்கு ஒரு 'கைரேகை' எடுக்கலாம். ஷா-256 என்ற முறையில் 64 எழுத்தும் எண்ணுமாக வரும். கணக்கில் ஒரு ரூபாய் மாறினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். நேற்றைய கைரேகையையும் இன்றைய கோப்பின் தலையில் எழுதிவிட்டு இன்றையதை எடுத்தால் நாளும் நாளும் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அதைத் தினமும் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். வாட்ஸ்அப் இல்லாதவர் கடைசி 8 எழுத்தை நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். பிளாக்செயின் என்று அவர்கள் விற்பதில் உங்களுக்கு உண்மையில் உதவும் பகுதி இவ்வளவுதான், இதற்கு ஒரு பைசா செலவில்லை. பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை ஒருவர் இருந்தால் ஒரு வார இறுதியில் அமைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் பாஸ்வேர்டு அந்தப் பிள்ளையிடம் மட்டும் இருக்கக் கூடாது. எழுதி, உறையிலிட்டு, குழுவின் பெட்டியில் வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் கணக்கு முழுவதும் ஒருவர் போனில் இருந்தது. போன் கிணற்றில் விழுந்தது. ஏழு மாத வரவை ஞாபகத்தில் எழுத வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் முன்போல் நம்பவே இல்லை.

பிறகு வேறொருவர் மெஷின் விற்க வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் கணக்கு முழுவதையும் நாங்கள் நினைத்த நேரத்தில் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? உங்கள் கம்பெனி மூடினால் இந்த மெஷின் எங்களிடம் என்னவாக இருக்கும்? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

லேப்டாப் வந்த முதல் மாதம் நோட்டையும் நிறுத்த வேண்டாம். இரண்டிலும் எழுதி, ஞாயிறு ஞாயிறு எல்லோர் முன்னும் ஒத்துப் பாருங்கள். நான்கு வாரமும் பைசா வரை ஒத்துவந்தால், அடுத்த மாதத்திலிருந்து நோட்டை விடலாம்.