பேட்டரி வயிற்றில், வயர் இதயத்தின் மேல்: ஏன்?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது, எடை 11 கிலோ. பிறவியிலேயே கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையிலிருந்து துடிப்புச் சைகை கீழறைக்குப் போகாத கோளாறு), நாடித்துடிப்பு 46தான். நெஞ்சைத் திறந்து இதயத்தின் மேல் வயரைத் தைத்து, பேட்டரியை வயிற்றில் வைக்கணும் என்கிறார்கள். என் மாமனாருக்குக் காரை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, ரத்தக்குழாய் வழியாகவே பேஸ்மேக்கர் வைத்தார்கள். குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ஆபரேஷன்?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: மாமனாருக்குப் போட்டது பத்து, பதினைந்து வருடக் கணக்கு. மகளுக்கு அறுபது, எழுபது வருடம் ஓட வேண்டும். 11 கிலோ குழந்தையின் ரத்தநாளம் மெல்லியது. உள்ளே வயர் போனால் அடைத்துக்கொள்ளலாம். பிள்ளை வளர வளர வயரும் இழுபடும். ஒட்டிப்போன பழைய வயரை உருவுவது, புதிதாக வைப்பதைவிட ஆபத்தான வேலை. அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு வெளிப்பக்கமாகத் தைத்து, நாளத்தைப் பின்னாளுக்கு மிச்சம் வைக்கிறார்கள்.

இதயத்தில் வேறு கோளாறு இல்லையென்றால் நெஞ்செலும்பை முழுசாகப் பிளக்கத் தேவையிருக்காது. இடது விலா இடுக்கில் சிறு கீறல் போதும். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, வயர் எந்த இடத்தில் என்பதைத்தான். இடது கீழறையின் நுனி நல்ல இடம். வலது கீழறையின் முன்சுவரில் தைத்தால் இடதறை ஒவ்வொரு துடிப்பிலும் பிந்திச் சுருங்கும்; அப்படியே வருடக்கணக்கில் ஓடினால் சில பிள்ளைகளுக்கு இதயம் விரிந்து பலவீனமாகிவிடும்.

தைப்பதற்கு முன், கொழுப்பில்லாத இடமாகப் பார்த்து, பொத்தான் மாதிரியான இரண்டு முனைகளையும் வைத்துச் சோதிப்பார்கள். ஒன்றரை வோல்ட்டுக்குள் இதயம் துடித்தால் சரி. மூன்று வோல்ட் கேட்டால் இடத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும். முனையில் ஸ்டீராய்டு கசியும் வயர்தான் நல்லது. தையல் இடத்து அழற்சி குறையும், வோல்ட் தேவையும் பிறகு ஏறாது.

வளர்ச்சிக்காக உபரி வயரைச் சுருட்டி வைப்பார்கள். அந்தச் சுருள் இதயத்தைச் சுற்றி வளைந்துவிடக் கூடாது. பிள்ளை வளரும்போது கயிறாக இறுகி, இதயத்துக்கு ரத்தம் தரும் குழாயையே நசுக்கும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. முன்புறமும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செக்கப்பில் வயரின் மின்தடை, அதாவது மின்சாரம் ஓட வயர் காட்டும் எதிர்ப்பு, திடீரென எகிறினால் வயர் முறிந்திருக்கலாம். சரிந்தால் மேலுறை கிழிந்திருக்கலாம். பிள்ளை மயங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

மீனாட்சியம்மன் கோவில் வாசலில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டுங்கள். உலோகச் சோதனைக் கருவியை வயிற்றின்மேல் பிடித்து வைக்க விடாதீர்கள். திருவிழா ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து உட்காரவும் விடக் கூடாது. உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது. அது ஒட்டினாற்போல் வந்தால் பேஸ்மேக்கர் பிள்ளையின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் ஓடும்.

இன்னொன்று உங்களுக்கு. ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? தாயின் ரத்தத்திலிருந்து சிசுவுக்குப் போய் இந்த ஹார்ட் பிளாக்கை உண்டாக்கக்கூடிய எதிர்ப்பொருள் அது. பரிசோதனை பாசிட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் 16வது வாரத்திலிருந்தே சிசுவின் இதயத்தை எக்கோவில் அடிக்கடி பார்க்க வேண்டும்.