மாமனாரும் மகனும் பேசிக்கொள்ள

வணக்கம் அக்கா. உங்கள் மகன் "நாம குரங்கிலிருந்து வந்தவங்க" என்று சொல்லப்போய், "சிவன் படைச்ச உயிரைக் கேவலப்படுத்துறியா" என்று மாமனார் அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

முதலில் மகனைத் திருத்துங்கள். இன்றைய குரங்கு எதுவும் நமக்கு மூதாதை இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது; கிளை பிரிந்து சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்தின் (ஹோமோ சேப்பியன்ஸ்) மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தன, வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்.

மாமனாரிடம் இந்தக் கணக்கைக் காட்டி வாதாட வேண்டாம். உயிர் எதற்காக வந்தது என்பதுதான் அவர் கேள்வி, அதற்கு உயிரியல் பதில் சொல்லாது. தினமும் திருவாசகம் படிப்பவர் என்கிறீர்களே, 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற வரியைப் பேரனுக்கு அவரே விளக்கட்டும். அது பிறவிகளைப் பற்றியது, பரிணாமம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே அநியாயம். ஆனால் புழுவாகவும் பிறந்தேன் என்று சொல்ல அந்த மரபு கூசவில்லை, அதை மாமனார் நன்றாகவே அறிவார்.

அப்புறம், குடியாத்தத்திலிருந்து திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளி ரொம்பத் தூரமில்லை. நம் பழைய வட ஆற்காட்டு மண்தான். 1960களில் அங்கே தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்களின் குழி வீடுகளும் கல் கோடரிகளும் வெளிப்பட்டன. இருவரையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.